ஓமும் இல்லையும்

என் கணவர் மிளகாய்த்தூள் போத்தலில்கூடப் பெயர் ஒட்டி வைப்பவர். திறந்தவுடன் தும்மல் வரும் சாமானுக்கு எதற்குப் பெயர் என்று நான் கேட்டால், "உமக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மூண்டாவதா ஒரு ஆள் வந்தால்?" என்பார். எங்கள் குசினிக்கு மூன்றாவது ஆள் வந்ததே இல்லை. எங்களுக்குப் பிள்ளைகள் கிடையாது. ஆனாலும் சீரகமும் கடுகும் வெந்தயமும் விதைகள் என்பதால் ஒரு தட்டில் நின்றன. மஞ்சளும் இஞ்சியும் நிலத்துக்குக் கீழே விளைவதால் கீழ்த்தட்டுக்குப் போயின. உப்பு எந்த உயிரிலிருந்தும் வராதது என்பதால் தனியாகச் சன்னல் விளிம்பில் இருந்தது. சமைக்கிறவள் நான். ஒவ்வொரு கறிக்கும் உப்புக்காக நாலு அடி நடந்தவளும் நான்தான்.

அவர் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்தவர். லிங்கநகரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டில் போட்டு, அதில் முப்பது வருசம் ரியூசன் வகுப்பு நடத்தினார். நான் அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவள். கோப்புகளோடு கிடந்து சலித்துப்போய் வீட்டுக்கு வந்தால், வீடும் ஒரு கோப்பு மாதிரித்தான் இருக்கும். நான் வாய்காரி. "உலகம் உங்கட அலுமாரி இல்லை" என்று எத்தனையோ தடவை சண்டை பிடித்திருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டு என் புத்தகங்களை உயரப்படி அடுக்குவார். குச்சவெளியில் பிறந்து, சண்டைக் காலத்தில் ஊர் ஊராக ஓடி வளர்ந்த மனிதர் அவர். எடுத்ததைத் திரும்ப வைக்க ஓர் இடம் இருக்கவேண்டும் என்ற ஆசை அங்கிருந்து வந்திருக்கும் என்று பிறகுதான் எனக்குப் பட்டது. அதை நான் அவரிடம் ஒருநாளும் சொல்லவில்லை.

சனிக்கிழமைகளில் பிள்ளைகளை மீன் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போவார். ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாள். அதில் வரிசையாகக் கேள்விகள், எல்லாவற்றுக்கும் ஓம் அல்லது இல்லை என்பதே பதில். முள்ளு எலும்பாலானதா? ஓம் என்றால் ஒரு பக்கம், இல்லை என்றால் மற்றப் பக்கம். முதுகுச் செட்டை இரண்டா? வால் கவர் விட்டதா? இப்படிக் கவர் கவராகப் பிரிந்து போய், கடைசியில் ஒரே ஒரு மீனின் பெயரில் நிற்கவேண்டும். ஒருமுறை ஒரு பிள்ளை திருக்கையைத் தூக்கி வைத்துக்கொண்டு, "சேர், இது பாரை" என்றது. சந்தையே சிரித்தது. மற்றக் கேள்விகளுக்கெல்லாம் அந்தப் பிள்ளை கவனமாகத்தான் பதில் சொல்லியிருந்தது. முதல் கேள்வியில் மட்டும்தான் பிழை. அவர் அன்று வீட்டுக்கு வந்தும் கோபம் தணியாமல் இருந்தார். "முதல் கவரில பிழைச்சால், பிறகு எவ்வளவு கவனமாப் போனாலும் பிழையான இடத்துக்குத்தான் போவீர்" என்று எனக்கு விளங்கப்படுத்தினார். நான் அந்த நேரம் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். ஓம் ஓம் என்று சொல்லிவைத்தேன்.

இந்தக் கதைக்கு இன்னொருவர் வேண்டும். அவருடைய தமையன். குச்சவெளியில் வெங்காயத் தோட்டம் செய்கிறவர். நான் வேதக்காரி, தேவாலயத்துக்குப் போகிறவள். அவர்கள் சைவம். எங்கள் கலியாணத்துக்குத் தமையன் வரவில்லை. அதை நாங்கள் பெரிதாக எடுக்கவில்லை. ஆனால் என் மாமி, இவர்களின் தாய், இறந்தபோது சேதியை மூன்றாம் நாள்தான் சொன்னார்கள். தம்பிக்குச் சொன்னால் வேதக்காரியையும் கூட்டிக்கொண்டு செத்த வீட்டுக்கு வந்துவிடுவான் என்று தமையன் பயந்தாராம். என் கணவர் அங்கே ஓடிப்போய்ச் சேர்ந்தபோது சாம்பலும் கடலில் கரைந்துவிட்டது. பெற்ற தாயின் முகத்தைப் பார்க்க முடியாமல் திரும்பி வந்த மனிதர், முற்றத்தில் நின்றபடி, "இனி அவன்ர முகத்தில முழிக்கமாட்டன்" என்றார். சொன்னபடி பதினேழு வருசம் இருந்தார். அந்தப் பதினேழு வருசமும் குச்சவெளிப் பக்கம் போகும் பஸ்ஸைக்கூட அவர் ஏறிட்டுப் பார்த்ததில்லை. நானும் அந்தக் கோபத்தில் ஒரு பங்கை என்னுடையதாக எடுத்து வைத்துக்கொண்டேன். உண்மையில் பெரிய பங்கை எடுத்தவள் நான்தான்.

ஒருநாள் காலை வகுப்பில், கரும்பலகையில் பாதி எழுதிய சொல்லோடு அவர் சரிந்தார். பாரிசவாதம். ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். வலக்கையும் வலக்காலும் போய்விட்டன. அதைவிட, பேச்சுப் போய்விட்டது. ஆயிரம் உயிரினங்களின் பெயரைச் சொல்லக்கூடிய வாயில் இரண்டே சொற்கள்தான் மிஞ்சின. ஓம். இல்லை. என் பெயரும் அதில் இல்லை. அதற்காக நான் கவலைப்படவில்லை என்று சொன்னால் பொய். ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்து நன்றாக அழுதேன்.

வீட்டுக்கு வந்த முதல் கிழமை நரகம். அவருக்கு ஏதோ வேண்டும், என்ன என்று எனக்கு விளங்காது. தண்ணீர் கொடுத்தால் தட்டிவிடுவார். தலையணையைச் சரிப்படுத்தினால் முகத்தைத் திருப்புவார். ஒரு காலை, கோப்பை போய்ச் சுவரில் உடைந்த பிறகு, துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே எனக்கு அந்த மீன் சந்தைத் தாள் ஞாபகம் வந்தது. ஓமும் இல்லையும் மட்டும் போதும், பெயரைக் கண்டுபிடித்துவிடலாம் என்று முப்பது வருசமாக ஊருக்குச் சொன்ன மனிதர் அல்லவா இவர்! பக்கத்தில் இருந்து கேட்கத் தொடங்கினேன்.

"சாப்பிடுற சாமானோ?"

"இல்லை."

"உங்கட உடம்பில ஏதுமோ?"

"ஓம்."

"நோகுதோ?"

"இல்லை."

"கடிக்குதோ?"

"ஓம்."

சட்டையைக் கழற்றிப் பார்த்தால், முதுகில் ஒரு கட்டெறும்பு. நான் அந்த எறும்பைக் கையில் பிடித்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடிப்போய் அழுதேன், சிரித்தேன். பக்கத்து வீட்டுக்காரி என்னைப் பார்த்துப் பயந்துபோனாள். அன்றைக்கே பழைய கலண்டர் தாள்களைக் கிழித்து, பின்பக்கத்தில் கேள்விகளை எழுதினேன். ஆளா, சாமானா, உடம்பா என்று முதலில் பிரியும். சாமான் என்றால் வீட்டுக்குள்ளா வெளியிலா என்று பிரியும். கோடு போட்டு, இலக்கம் போட்டு, சுவரில் ஒட்டினேன். இத்தனை வருசமும் அவரைக் கிண்டல் பண்ணிய நான், அவரைவிட மோசமாகிவிட்டேன். வீட்டுக்கு வந்த அவருடைய பழைய மாணவி ஒருத்தி அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு, "சேர்ட வேலையோ?" என்று கேட்டாள். "இல்லை, என்ர" என்று நான் பெருமையாகச் சொன்னேன்.

அந்தப் பெருமையை நான் மறைக்கப்போவதில்லை. அப்போது நான் சந்தோசமாகவே இருந்தேன். குழம்பிக் கிடந்த ஒரு மனிதரின் மனத்துக்குள் போக எனக்கு ஒரு பாதை கிடைத்துவிட்டது. அதன்படி வீட்டை மாற்றினேன். தேத்தண்ணிக்குச் சீனி வேண்டாம் என்றார், நிறுத்தினேன். சன்னல் வெளிச்சம் கூடாது என்றார், அவருடைய சாய்மனைக் கதிரையைச் சுவர்ப்பக்கம் திருப்பினேன். ரேடியோ வேண்டாம் என்றார். மாணவர்கள் வந்து பார்ப்பது வேண்டாம் என்றார். வந்தவர்களை நான் படலையில் வைத்தே, "சேருக்கு ஆக்களைப் பாக்க விருப்பமில்லை" என்று அனுப்பினேன். கச்சேரியில் இருபத்தெட்டு வருசம் ஆட்களைத் திருப்பி அனுப்பிப் பழகிய வாய்க்கு அது கடினமாக இருக்கவில்லை.

கிண்ணியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவரும் முஸ்லிம் நானா ஒருவர் மட்டும் யார் சொல்லும் கேளாமல் உள்ளே வருவார். சந்தையில் என் கணவரோடு பழகியவர். ஒவ்வொரு நாளும் ஒரு மீனைக் கொண்டுவந்து, "சேர், இது என்னண்டு சொல்லுங்க பாப்பம்" என்று அவர் மடியில் வைப்பார். ஒருநாள் நானா ஒரு விளை மீனைக் கொடுத்துவிட்டு, "வைச்சுக்கொள்ளுறீங்களா சேர்?" என்று கேட்டார். இவர் இல்லை என்றார். நானா மீனை எடுக்கப் பார்த்தால் விடவில்லை. இடக்கையால் வாலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "இல்லை, இல்லை" என்கிறார்.

"அக்கா, சேர் வாயால ஒண்டு சொல்றார், கையால ஒண்டு சொல்றார். வாயை நம்பாதீங்க" என்றார் நானா.

"அவருக்கு உங்களோட விளையாட்டு" என்று நான் சிரித்தேன். மீனை வாங்கி ஆய்ந்தேன்.

ஆறாம் மாதமளவில், ஒரு காலை பத்து மணிபோல, தமையன் வந்தார். வெள்ளைச் சேட்டும் வேட்டியும். கையில் ஒரு பையில் சின்ன வெங்காயம். செருப்பைப் படலைக்கு வெளியிலேயே கழற்றிவிட்டு நின்றார். நன்றாக வயது போய்விட்டது. காது மடலும் மூக்கும் அப்படியே என் கணவரின் அச்சு. அது எனக்கு இன்னும் எரிச்சலைத் தந்தது.

"பிள்ளை, தம்பியைப் பாக்கலாமோ?" என்று கேட்டார். எங்களுக்குக் கலியாணமாகி இத்தனை வருசத்தில் அவர் என்னோடு கதைத்த முதல் கதை அதுதான்.

"நில்லுங்கோ. கேட்டுக்கொண்டு வாறன்" என்றேன். இருங்கோ என்றுகூடச் சொல்லவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

உள்ளே அவர் சுவரைப் பார்த்தபடி கதிரையில் இருந்தார். கதிரை பழைய இடத்தில் இருந்திருந்தால் சன்னலால் படலை தெரிந்திருக்கும். நான் குனிந்து, "குச்சவெளியில இருந்து உங்கட அண்ணை வந்து நிக்கிறார். உள்ள வரச் சொல்லவோ?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். இடக்கை கதிரைப் பிடியை இறுக்கிப் பிடித்தது. "இல்லை" என்றார். பிறகு சத்தமாக, "இல்லை! இல்லை!" என்றார். கண்ணால் தண்ணீர் ஓடியது. உடம்பு முழுக்க முன்னுக்கு உந்தியது. இவ்வளவு கோபம் இந்த உடம்புக்குக் கூடாது என்று பயந்து, நான் அவருடைய நெஞ்சைத் தடவி, "சரி சரி, வேண்டாம், அனுப்பிவிடுறன்" என்றேன். அவர் இன்னும் அழுதார்.

தேத்தண்ணிக்கு நான் மூன்று தரம் கேட்பவள். சேட்டின் நிறத்துக்கு இரண்டு தரம் கேட்பவள். இதற்கு ஒரே ஒரு தரம்தான் கேட்டேன். எனக்கு வேண்டிய பதில் முதல் தரமே கிடைத்துவிட்டது. திரும்பக் கேட்டு அதைக் கெடுத்துக்கொள்ள நான் விரும்பவில்லை. இதுதான் நடந்தது.

படலைக்கு வந்து, "வேண்டாமாம், அண்ணை" என்றேன்.

"அவனே சொன்னவனோ?"

"ஓம்."

வீட்டுக்குள்ளிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும். பிறகு வெங்காயப் பையைப் படலைத் தூணில் கொழுவிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ் தரிப்பிடப் பக்கம் நடந்தார். அந்த வெங்காயத்தை நான் இரண்டு கிழமையாக உரித்துச் சமைத்தேன். நல்ல காரமான வெங்காயம்.

பேச்சுச் சிகிச்சைக்கு ஆஸ்பத்திரியில் பெயர் கொடுத்து வைத்திருந்தோம். தமையன் வந்துபோய் இரண்டு மாதத்துக்குப் பிறகுதான் முறை வந்தது. சிகிச்சை கொடுத்தவர் ஒரு சிங்களப் பெண்பிள்ளை, தமிழைத் தட்டுத்தடுமாறிக் கதைத்தது, ஆனால் முகம் நல்ல முகம். நான் என் கலண்டர் தாள்களைச் சுருட்டிக் கொண்டுபோயிருந்தேன். அந்தப் பிள்ளை பார்த்துப் பாராட்டும் என்று நினைத்தேன். அது அவற்றை மரியாதையாக வாங்கி மேசையில் வைத்துவிட்டு, அவருக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டது.

"அய்யா, நீங்கள் ஆம்பிளையா?"

"ஓம்."

"நீங்கள் பொம்பிளையா?"

"ஓம்."

நான் சிரித்தேன். பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். பிள்ளை சிரிக்கவில்லை. ஒரு சீப்பைத் தூக்கிக் காட்டி, "இது சீப்பா?" என்று கேட்டது. இல்லை என்றார். "இது கரண்டியா?" ஓம் என்றார். பிறகு ஒரு படம். நல்ல வடிவான பாரை மீன், செட்டையெல்லாம் தெளிவாக. "இது பறவையா?"

"ஓம்" என்றார், பெரிய சந்தோசத்தோடு, வகுப்பில் சரியான பதில் சொல்லிவிட்ட பிள்ளையைப் போல என்னைத் திரும்பிப் பார்த்தபடி.

என் சிரிப்பு அதோடு நின்றது.

"அம்மா," என்றது அந்தப் பிள்ளை, "அய்யாக்கு உள்ளுக்கு எல்லாம் விளங்குது. ஆனா ஓம் சொல்ல நினைச்சா இல்லை வரும். இல்லை சொல்ல நினைச்சா ஓம் வரும். இந்த வருத்தக்காரர் நிறைய பேருக்கு அப்பிடித்தான். வாயால கேட்கக் கூடாது. சாமானைக் காட்டுங்க. படத்தைக் காட்டுங்க. அய்யா கையால தொடட்டும்."

"அப்ப எல்லாம் மாறித்தானோ வரும்? ஓம் எண்டால் இல்லையோ?" என்று கேட்டேன். அந்த நேரம்கூட நான் ஒரு ஒழுங்கைத் தேடினேன். எல்லாமே தலைகீழ் என்றால்கூடப் பரவாயில்லை, எட்டு மாதப் பதில்களையும் திருப்பிப்போட்டு வாசித்துவிடலாம்.

"அப்பிடி இல்லை அம்மா. சில நேரம் சரி. சில நேரம் மாறி. சொல்ல ஏலாது."

"எப்ப இருந்து?"

"தெரியாது. துவக்கத்தில இருந்தே இருக்கலாம்."

முச்சக்கர வண்டியில் வீட்டுக்கு வரும்போது, அவர் என் தோளில் சாய்ந்து துறைமுகப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு எதுவும் கண்ணில் படவில்லை. சீனி, சன்னல், ரேடியோ, மாணவர்கள் என்று ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வந்தேன். கடைசியில் எண்ணவேண்டியது எது என்று எனக்குத் தெரியும். அதற்கு முன் நிறுத்திக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து இரண்டு கோப்பையில் தேத்தண்ணி ஊற்றினேன். ஒன்றில் சீனி, ஒன்றில் இல்லை. இரண்டையும் ருசி காட்டிவிட்டு முன்னால் வைத்தேன். அவர் சீனி போட்டதை இடக்கையால் இழுத்து எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு கடைசிச் சொட்டுவரை குடித்தார். எட்டு மாதமாக இந்த மனிதருக்கு நான் சீனியில்லாத தேத்தண்ணியை ஊட்டியிருக்கிறேன். கதிரையைச் சன்னல் பக்கம் திருப்பினேன். ரேடியோவைப் போட்டேன். அவர் சன்னலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு கோபம் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நன்றிதான் இருந்தது.

அடுத்த நாள் முதல் பஸ்ஸுக்கு நான் குச்சவெளிக்குப் போயிருக்கவேண்டும். லிங்கநகரிலிருந்து அது என்ன பெரிய தூரமா? போகவில்லை. அதற்குப் பதிலாக ஒரு கொப்பி வாங்கினேன்.

கொப்பியில் நான்கு நிரல் போட்டேன். நேரம், கேள்வி, பதில், உண்மை. உண்மை எனக்குத் தெரிந்த கேள்விகளை மட்டும் கேட்டேன். இண்டைக்கு மழையோ? இது கையோ? நான் உங்கட மனுசியோ? காலையில் சொல்லும் ஓம் சரியா, பின்னேரத்தில் சொல்லும் ஓம் சரியா? சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா? சின்னக் கேள்விக்கும் நீளக் கேள்விக்கும் வித்தியாசம் இருக்கிறதா? அழும்போது சொல்லும் இல்லை எந்தப் பக்கம்? அந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான் முழுக் கொப்பியும். ஆனால் அதைச் சோதிக்க அவரை அழவைக்க வேண்டும். அவ்வளவுக்கு நான் போகவில்லை. அவ்வளவுக்கு மட்டும்தான் போகவில்லை.

சில நாட்கள் ஒரு விதி பிடிபடுவது போல இருக்கும். இரண்டு நாள் காலைப் பதில்கள் எல்லாம் சரி. மூன்றாம் நாள் காலை, நான் உங்கள் மனைவியா என்றதற்கு, இல்லை என்பார். நான் கோடு அடித்துவிட்டுத் திரும்பத் தொடங்குவேன். பிடிபடாத ஒவ்வொரு நாளும் எனக்குக் கவலையும் தந்தது, கூடவே ஒரு நிம்மதியும் தந்தது. விதி கிடைத்தபின் போகலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விதி கிடைக்கும்வரை குச்சவெளிக்குப் போய், என்னிடம் பிழை நடந்துவிட்டது என்று அந்த மனிதர் முன்னால் நிற்கவேண்டியதில்லை அல்லவா.

சிகிச்சைப் பிள்ளை படத்தைக் காட்டச் சொன்னது. அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் ஒரு படம் இருந்தது. அண்ணனும் தம்பியும் தோட்டக் கிணற்றுக் கட்டில் இருக்கிற படம். அதை அவர் முன்னால் வைத்திருந்தால் போதும், கை சொல்லியிருக்கும். தொடுவாரா, தள்ளுவாரா, அரை நிமிட வேலை. ஒன்பதாம் நாள் அந்தப் படத்தை வெளியில் எடுத்தேன். குசினிவரை கொண்டுவந்தேன். பிறகு கொண்டுபோய் வைத்துவிட்டேன். அவர் அதைத் தொட்டால், அன்று படலையில் நான் செய்தது என்னவென்று எனக்குத் தெரிந்துவிடும். நான் அதற்குப் பயந்தேன். இதைவிட நல்ல காரணம் என்னிடம் இல்லை.

பத்தொன்பது நாளாக அந்தக் கொப்பி நிரம்பிக்கொண்டு வந்தது. இருபதாம் நாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, "தண்ணி வேணுமோ?" என்று கேட்டேன். "ஓம்" என்றார். பழக்கதோசத்தில் முதலில் கொப்பியில் எழுதிவிட்டுத்தான் தண்ணீர் எடுக்கப் போனேன். திரும்பி வந்தபோது தலை சன்னல் பக்கம் சரிந்திருந்தது. முதலில் நித்திரை என்றுதான் நினைத்தேன்.

குச்சவெளிக்கு அந்த மணித்தியாலமே சொல்லி அனுப்பினேன். அங்கே இருக்கும் அவருடைய பழைய மாணவன் ஒருவன் தோட்டத்துக்கே போய்ச் சொன்னான். பொழுது படுவதற்குள் தமையன் மகனோடு வந்துவிட்டார். நான் படலையை இரண்டு பக்கமும் விரியத் திறந்து வைத்திருந்தேன். அவர் என்னைப் பார்க்காமல் உள்ளே போய், தம்பியின் காலடியில் நிலத்தில் இருந்தார். எழும்பவே இல்லை. மகன்தான் கொள்ளி வைத்தான். அடுத்த நாள் சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டு எல்லோரும் திரும்பி வந்தார்கள்.

ஆட்கள் குறைந்த பிறகு, பின்பக்கக் கொட்டிலில் மாணவர்களின் வாங்குப் பலகையில் தமையன் தனியே இருந்தார். என்னைக் கண்டதும் கூப்பிட்டார்.

"பிள்ளை, ஒண்டு கேக்கவேணும். அண்டைக்கு நான் வந்தனான் எல்லே. அவன் என்னை வேண்டாம் எண்டுதான் சொன்னவனோ?"

அவர் கேட்ட விதத்தில் சண்டை எதுவும் இல்லை. கைகள் இரண்டையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, வகுப்புப் பிள்ளை போல என் முகத்தைப் பார்த்தார். எனக்குத் தெரிந்த உண்மையான பதில் ஒன்றுதான். தெரியாது, அண்ணை. அவர் சொன்ன சொல் இல்லை. அந்தச் சொல்லுக்குள் என்ன இருந்தது என்பது இனி ஒருவருக்கும் தெரியாது. அதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் இந்தக் கிழவர் சாகும்வரை ஒவ்வொரு நாளும் என்னைப் போல அந்த இரண்டு கவரிலும் போய்ப் போய்த் திரும்பி வருவார். அந்த வேலை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும்.

"ஓம் எண்டுதான் சொன்னவர்," என்றேன். "வரச் சொல்லித்தான் சொன்னவர். நான்தான் உங்களுக்கு மாறிச் சொல்லி அனுப்பினனான்."

"நீயோ?" என்றார்.

"ஓம். நான்தான். எனக்கு உங்களில கோவம்."

அவர் என்னை ஏசுவார் என்று நின்றேன். அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன். அவர், "எத்தினை தரம் சொன்னவன்?" என்று கேட்டார்.

அதற்கு மட்டும் என்னிடம் உண்மையான பதில் இருந்தது.

"மூண்டு தரம்."

"மூண்டு தரம்," என்று அவர் தனக்குத்தானே சொன்னார். வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, பெரிய சத்தமாக, சின்னப் பிள்ளைகள் அழுவது போல அழுதார். மகன் ஓடி வந்து தகப்பனைப் பிடித்தான். என்ன செய்தீர்கள் என்று கேட்பது போல என்னைப் பார்த்தான். நான் குசினிக்குள் போய்விட்டேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு அவர் வந்தார். என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை. என் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சொந்தக்காரப் பெண்கள் என்னைப் பார்த்த பார்வையில் எல்லோருக்கும் விசயம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று தெரிந்தது. நான் பாயாசத்துக்குச் சவ்வரிசி கிண்டிக்கொண்டு நின்றேன். விறாந்தையில் யாரோ புதிதாக வந்த ஒருவரிடம் தமையன் கதைத்துக்கொண்டிருந்தார். முகத்தைக் காண முடியவில்லை. குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

"அந்த ஏலாத வாயால என்னை மூண்டு தரம் கூப்பிட்டவன் என்ர தம்பி."

கேட்டவர் உச்சுக்கொட்டினார். இன்னொருவர் வந்தார். தமையன் அவருக்கும் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். ஒவ்வொரு தடவையும் நான் அதை நம்பிவிடப் பார்த்தேன். முடியவில்லை.